அந்தக் குடத்தில் தண்ணீர் இல்லையே!

2024-ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டுக் கடை முடிந்து, அடுப்படியைக் கழுவி விட்டுவிட்டு, கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். அப்போதுதான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள் கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

“எம்மா, இங்க கொஞ்சம் வாயேன். ஒண்ணு காட்டுதேன்.”

எழுந்து போனேன். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கிழவி. சேலை கட்டியிருந்தாள். கீழே ஒரு குடம் இருந்தது. கிழவி குனிந்தாள், குடத்தை ஒரே இழுப்பில் தூக்கி இடுப்பில் வைத்தாள், விறுவிறு என்று நேராக நடந்து போனாள். அவ்வளவுதான். ஏழெட்டு வினாடிகூட இருக்காது.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏட்டி, யாரு இது? தெர்மாகோல் குடத்தைத் தூக்கிக்கிட்டு சுதந்திர தின அணிவகுப்புக்குப் போறா!” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “ஆச்சிம்மா” என்றாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

ஆச்சி என்றால் என்னைப் பெற்ற அம்மா. 2018-ல் காலமானார்கள். அப்போது இவளுக்குப் பத்து வயது. எங்களிடம் அம்மாவின் போட்டோ நாலே நாலுதான் இருக்கிறது. நாலிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, போலீஸ்காரருக்கு முன்னால் நிற்பது போல நிற்பார்கள். அம்மா நடப்பது, குனிவது, வெற்றிலையை மென்றுகொண்டே சிரிப்பது எதுவும் எந்தப் படத்திலும் இல்லை. செல்போன் கையில் இருந்த காலம்தான். ஆனாலும் ஒருவருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. எதற்கெல்லாமோ வீடியோ எடுத்திருக்கிறோம், போங்கள்! பூனைக்குட்டி பால் குடிப்பதைக்கூட எடுத்து வைத்திருக்கிறோம்.

இல்லாத அந்த வீடியோவைத்தான் என் பெண் தானே செய்து பார்த்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

மூன்று வாரம் அவள் ஒன்றும் காட்டவில்லை. பேச்சு வார்த்தையெல்லாம் வழக்கம் போலத்தான். ஆனால் நான் கூடத்துக்குள் நுழைந்தால் திரையில் வேறு ஏதாவது வந்துவிடும்.

இதற்கு முன்னாலும் நான் ஒழுங்காக இருந்ததாகச் சொல்ல முடியாது. எல்லாப் பிள்ளைகளும் இந்த வித்தையை ஒரு டோனட் செய்துதான் ஆரம்பிக்குமாம். ஆஸ்திரேலியாக்காரர் ஆண்ட்ரூ பிரைஸ் நடத்தும் இலவசப் பாடம் அது. உலகம் பூராவும் எத்தனையோ பேர் அந்த டோனட்டைச் செய்திருக்கிறார்கள். இவளும் ராத்திரி பகல் உட்கார்ந்து செய்து என்னிடம் காட்டினாள். நான் மிக்ஸியில் தேங்காயை அரைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்து, “வடை நல்லா வந்திருக்கு” என்றேன். பிறகு நாற்காலி செய்தாள், “நல்லாருக்கு.” குத்துவிளக்கு செய்தாள், “நல்லாருக்கு.” பாராட்டிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து நானே அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். “அந்த ஆச்சியை இன்னொரு தடவை போடுட்டி.”

“எதுக்கு? சிரிக்கவா?”

நான் பேசாமல் இருந்தேன். அவளே ஆரம்பித்தாள். “மார்கழியில தெருவுல பத்து வீட்டுக் கோலத்தையும் பாத்து, எந்தப் புள்ளி விலகியிருக்கு, எந்த இழை தடிச்சிருக்குன்னு சொல்லுத. நான் காட்டுனா ஒண்ணு ‘நல்லாருக்கு’ங்க, இல்லன்னா சிரிக்க. இந்த ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய?”

சகோதரிகளே, எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. அவள் கேட்டது நியாயம்தானே? குழம்பைச் சாப்பிட்டுவிட்டு என்னவர் “ம், நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லும்போது எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும்! புளி கூடிவிட்டது என்று சொன்னாலாவது அடுத்த தடவை குறைத்துக் கரைக்கலாம்.

அன்றைக்கு அந்த ஏழெட்டு வினாடிப் படத்தை ஆறு தடவை பார்த்தேன். என்னவோ சரியில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது. எது என்று வாய்க்கு வரவில்லை. ஏழாவது தடவைதான் சொன்னேன்.

“அந்தக் குடத்துல தண்ணி இல்லட்டி.”

அவள் சட்டென்று திரும்பினாள். “எப்படித் தெரியுது?”

“தெரியுது. வெறும் குடத்தைத்தான் இப்படித் தூக்குவாங்க. நிறைகுடத்தை இப்படித் தூக்க முடியாது.”

“எப்படித் தூக்குவாங்க?”

அதைச் சொல்லத் தெரிந்தால் நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்? அவளைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பரணிலிருந்து அம்மாவின் பித்தளைக் குடத்தை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, கழுத்து வரை தண்ணீர் பிடித்தேன். குடத்தோடு சேர்த்துப் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. தூக்கிப் பல வருஷம் ஆகிறது. முதல் தடவை பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன். இடுப்பில் பிடித்துக்கொண்டது. (இதைப் படித்துவிட்டு யாரும் திடீரென்று நிறைகுடம் தூக்கிப் பார்க்க வேண்டாம். பழக்கம் விட்டுப்போன முதுகு அது.) இரண்டாவது தடவை முழங்காலை மடக்கி, குடத்தை உடம்போடு அணைத்துத் தூக்கினேன். அவள் செல்போனில் எடுத்தாள்.

பிறகு அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். நாற்பது வருஷத்துக்கு மேல் குடத்தோடு பழகிய எனக்கே அப்போதுதான் பல விஷயம் தெரிந்தது. தூக்குவதற்கு முன்னால் உடம்பு ஒரு கணம் இன்னும் கீழே போகிறது. குடம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தோள் இறுகிவிடுகிறது. குடம் இடது இடுப்புக்கு வந்ததும் உடம்பு வலது பக்கம் சாய்கிறது. வலது கை தானாக விலகி, தராசுத் தட்டு போலக் காற்றில் நிற்கிறது. நடை குறுகிவிடுகிறது. நான் நின்ற பிறகும் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு சுற்றுத் தளும்பி, விளிம்பில் ஒரு துளி வழிந்தது.

சினிமா என்பது ஒரு வினாடிக்கு 24 படங்கள் வரிசையாக ஓடுவது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கம்ப்யூட்டர் பொம்மைப் படத்திலும் அதே கணக்குத்தான். தரையிலிருந்து இடுப்புக்குக் குடத்தைக் கொண்டுவர எனக்கு ஒன்றே முக்கால் வினாடி ஆகியிருந்தது. அதாவது 42 படம். இவள் ஆச்சிக்குக் கொடுத்திருந்ததோ 14 படம்! தெர்மாகோலின் ரகசியம் அதுதான். என் கண் சொன்னதை அவள் எண்ணிக்கையாக மாற்றிக்கொண்டாள். அன்று ராத்திரியே திருத்த உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் ஒரு தொழில்நுட்ப மாணவியே ஆகிவிட்டேன் என்று என்னவர் கேலி செய்வார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள்தான் நான். ஆனாலும் அவள் சொல்லச் சொல்ல, இதில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையாகத்தான் இருந்தது.

உருவம் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி கோடு. கோடுகள் நாலு சேர்ந்தால் ஒரு கட்டம். இப்படிக் கட்டம் கட்டமாகச் சேர்த்துத்தான் மூக்கும் முழியும். புள்ளி ஒன்று விலகினால் கன்னத்தில் மேடு தட்டிவிடும். கோலம் போட்ட கைக்கு இதில் என்ன புதுசு? அடுத்து, செய்த உருவத்துக்கு மேல் நிறமும் சேலைக் கரையும் ஒட்ட வேண்டும். அதற்கு உருவத்தை அங்கங்கே வெட்டி, தட்டையாக விரிக்கிறார்கள். ரவிக்கைத் துணியைத் தட்டையாக வெட்டி, உருண்டையான உடம்புக்குப் பொருந்தத் தைக்கிறோமே, அதைத் திருப்பிச் செய்வதுதான். வெட்டு வரும் கோட்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே ‘சீம்’, அதாவது தையல்! அவள் அந்தத் தையலைக் கிழவியின் முகத்துக்கு நடுவில் போட்டிருந்தாள். “யாராவது முன்பக்கம் நடுவுல பிசிறு தெரியற மாதிரித் தைப்பாங்களா? காதுக்குப் பின்னால, கூந்தலுக்குள்ள தள்ளு” என்றேன். பாடத்திலும் அதையேதான் சொல்லியிருந்தார்களாம்.

உள்ளே எலும்புகளை வைத்துத்தான் பொம்மையை ஆட்டுகிறார்கள். எந்த எலும்போடு எவ்வளவு சதை நகர வேண்டும் என்று நிறம் தீட்டிச் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் முழுக்கக் கூடவே போகும், நீலம் என்றால் அசையாது. இது சரியாக அமையாவிட்டால் கையைத் திருப்பும்போது முழங்கை, பிழிந்த துண்டு மாதிரி முறுக்கிக்கொள்ளும். இதில் என்னால் உதவ முடியவில்லை. முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்வதோடு சரி.

வால்ட் டிஸ்னியிடம் வேலை பார்த்த பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் என்ற இரண்டு பெரியவர்கள் 1981-ல் ஒரு பெரிய புத்தகம் எழுதினார்களாம். படம் வரைந்து உயிர் கொடுப்பதற்கு 12 விதிகளை அதில் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் பிள்ளைகள் அந்த 12 விதிகளைத்தான் படிக்கிறார்கள். முதல் விதி, எந்தப் பொருளும் அமுங்கினால் பக்கவாட்டில் பரவும், இழுத்தால் மெலியும், ஆனால் மொத்த அளவு கூடாது குறையாது என்பது. சப்பாத்தி மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்காதவர் நம்மில் யார்? இதைப் பழக அந்தக் காலத்தில் புதிதாக வருகிறவர்களைப் பாதி நிரம்பிய மாவு மூட்டையை வரையச் சொல்வார்களாம். கண், மூக்கு ஒன்றும் இல்லாத மூட்டை, துக்கமாக உட்கார்ந்திருப்பது போலவும், துள்ளிக் குதிப்பது போலவும் தெரிய வேண்டும்!

இன்னொரு கதையும் சொன்னாள். கேட்டதும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 1975-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவர், கம்ப்யூட்டருக்குள் செய்து பார்க்க நல்ல வளைவுள்ள ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். தேநீர் சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொல்ல, மேஜை மேல் இருந்த டீ பாத்திரங்களையே செய்யலாமே என்று யோசனை கொடுத்தது அவர் மனைவி சாண்ட்ரா. அவரும் கெட்டிலைப் பார்த்துக் கட்டம் போட்ட காகிதத்தில் வரைந்துகொண்டு போய்ச் செய்தார். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் இன்றைக்கும் அந்தக் கெட்டிலை அறிவார்கள். 1995-ல் வந்த ‘டாய் ஸ்டோரி’ படத்தில்கூட அது தலைகாட்டுகிறது. அசல் கெட்டில் கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் மியூசியத்தில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் முதலில் செய்த கெட்டிலுக்கு அடிப்பாகமே கிடையாது! அந்த அம்மாளிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார் என்று நான் சொன்னேன். “ஆமா, நீ இருந்தா சிரிச்சிருப்ப” என்றாள் மகள். மன்னித்துவிட்டாள் என்று அப்போது தெரிந்தது.

ஆனால் கண் இருந்துவிட்டால் மட்டும் போதாது, எப்போது சொல்வது என்பதும் இருக்கிறது. இதில் நான் இரண்டு தடவை சறுக்கினேன்.

ஒரு நாள் அவள் புதிதாக ஆரம்பித்த காட்சியைக் காட்டினாள். எல்லாம் சாம்பல் நிறம். பொம்மைக்குக் கண் இல்லை, விரல் இல்லை, வீடு என்று ஒரு பெட்டி. நான் உற்சாகமாக, “சுவர்ல கலரே இல்லையே, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையே” என்று அடுக்கினேன். “எம்மா, இது இன்னும் ஊறப்போட்ட உளுந்து. நீ தோசை முறுகலான்னு கேக்க” என்றாள். அந்தக் கட்டத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்பதை மட்டும்தான் பார்க்க வேண்டுமாம். அன்றிலிருந்து வாயைத் திறக்குமுன், “இது எந்தப் பதத்துல இருக்கு?” என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது சறுக்கல் அவள் தோழியின் தம்பியிடம். ஒன்பதாவது படிக்கிற பையன். அம்மிக்கல் ஒன்று செய்து, “ஆன்ட்டி, நீங்க நல்லா சொல்லுவீங்கன்னு அக்கா சொன்னா” என்று எனக்கு அனுப்பியிருந்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை. உட்கார்ந்து ஏழு குறை கண்டுபிடித்து, நீளமாகப் பேசி அனுப்பினேன். “சரி ஆன்ட்டி” என்று பதில் வந்தது. பிறகு சத்தமே இல்லை. என் மகள் கேட்டாள், “ஏழையும் ஒரே நாள்ல சொன்னியா? அவன் அழிச்சுட்டாம்மா.”

திக்கென்றது. மறுநாள் அந்த வீட்டுக்கே போனேன். பையன் வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஒளிந்துகொண்டான். நல்லவேளை, பழைய பிரதி ஒன்று இருந்தது. அந்தக் குழவியின் உருட்டு எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். பிறகு ஒன்றே ஒன்று. அவர்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த அம்மியை அவனைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அவன் செய்த கல்லின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தது. நிஜக் கல்லில் எந்த விளிம்பும் அப்படி இல்லை, மழுங்கியிருக்கிறது. நடுவில் வருஷக்கணக்காக அரைத்து அரைத்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. அவனே விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “விளிம்பை மழுக்குறதுக்குத் தனியா ஒரு கருவி இருக்கு ஆன்ட்டி!” என்று ஓடினான். மற்ற ஆறு குறைகளையும் நான் சொல்லவே இல்லை. அதில் நாலை அவனே பிறகு சரி செய்துவிட்டான். மிச்சம் இரண்டு குறையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

உறவினர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் என் கொழுந்தனார் அவள் படத்தைப் பார்த்துவிட்டு, “பாகுபலியில வர்ற மாதிரி இல்லையே” என்றார். அந்த மாதிரிப் படங்களின் கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது நாம் எழுந்து வந்துவிடுகிறோம். உட்கார்ந்து பார்த்தால் தெரியும், உருவம் செய்ய ஒரு கூட்டம், எலும்பு வைக்க ஒரு கூட்டம், விளக்குப் போட ஒரு கூட்டம் என்று நூற்றுக்கணக்கான பேர். இங்கே எல்லாம் ஒரே பெண், அதுவும் வீட்டுப்பாடம் முடித்த பிறகு. படத்தைக் கடைசியாகக் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகத் தீட்டி எடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய மெஷினில் ஒரு படத்துக்கு இரண்டு நிமிஷம். பத்து வினாடிக் காட்சிக்கு 240 படம். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு மணி நேரம்! ராத்திரி பூராவும் மெஷின் மாவு மில் மாதிரி உறுமும். “கரண்ட் பில்லை ஆச்சியா கட்டப் போறா?” என்று என்னவர் புலம்புவார். நடுவில் ஒரு நாள் கரண்ட் போய், பிள்ளை அழுதே விட்டது. மறுநாளிலிருந்து அவரே ராத்திரி எழுந்து, மெஷின் ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் படுப்பார்.

கம்ப்யூட்டரில் போட்டிருக்கிற ‘பிளெண்டர்’ என்ற சாதனத்துக்கு மட்டும் ஒரு பைசா செலவில்லை. நெதர்லாந்துக்காரர் டோன் ரூசெண்டால் உருவாக்கியது. 2002-ல் அதை எல்லோருக்கும் பொதுவாக்கப் பணம் திரட்டியபோது, ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ சேர்ந்ததாம். அதை வைத்துத்தான் லாட்வியா என்ற சின்ன நாட்டின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் ‘ஃப்ளோ’ என்ற பூனைப் படத்தை எடுத்தார். 2025-ல் ஆஸ்கார் பரிசு வாங்கிய படம். ஒரு வசனம்கூடக் கிடையாது. வெள்ளத்தில் ஒரு பூனை, ஒரு படகு, கூடவே வேறு சில பிராணிகள். மொழி தெரியாத குறையே எனக்கு இல்லை. மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்ததும் அவள், “பூனை எப்படிம்மா இருந்துது?” என்று கேட்டாள். முன்பானால் ‘நல்லாருக்கு’ என்றிருப்பேன். “பயந்த பூனை முதல்ல காதைத்தான் மடக்கும். அதைச் சரியாப் பிடிச்சிருக்கார்” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஒரு பவுன் கொடுக்கலாம்.

இதற்கிடையில் ஆச்சி வளர்ந்துகொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பழைய பெண்மணிகள் கட்டும் பின்கொசுவச் சேலையை எப்படிக் கட்டுவது என்று நான் கட்டியே காட்டினேன். முதலில் இவள் இந்தக் காலத்து முன்கொசுவம் வைத்திருந்தாள். காதில் பாம்படம் மாட்டினோம். அது என்ன வேலை வாங்கிவிட்டது என்கிறீர்கள்! முதலில் தலையோடு ஒட்டினாற்போலத் திரும்பியது. “தலை நின்ன பிறகும் பாம்படம் நிக்காதுட்டி. ரெண்டு ஆட்டம் ஆடித்தான் நிக்கும்” என்றேன். அந்த 12 விதியில் அதுவும் ஒன்றாம்.

நடையில்தான் வந்தது சண்டை.

“அம்மா இன்னும் வேகமா நடப்பாங்க” என்றேன். திருத்தினாள். “இல்ல, இன்னும் வேகம். முதுகு இப்படிக் கூனாது. குடத்தைப் பிடிச்ச கை இப்படி நடுங்காது.” மறுபடி திருத்தினாள். மறுநாள் மறுபடி சொன்னேன். நாலாவது நாள் அவள் மவுஸைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆச்சி வலது காலை இழுத்து இழுத்துத்தாம்மா நடப்பாங்க. தெருக்குழாயிலேர்ந்து வாசலுக்குள்ள ரெண்டு எடத்துல நிப்பாங்க. நான் கூடவே சின்னச் செம்பைத் தூக்கிக்கிட்டு நடந்திருக்கேன். எனக்குத் தெரியாதா?”

நான் பேச்சற்று உட்கார்ந்திருந்தேன். என் மனசில் நடந்துகொண்டிருந்தது முப்பத்தைந்து வயது அம்மா. தாமிரபரணியில் குளித்து, ஈரச் சேலையோடு, இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடத்தைச் சுமந்துகொண்டு, பின்னால் ஓடி வரும் எனக்காக நிற்காமல், படித்துறைப் படிகளில் கிடுகிடுவென்று ஏறுகிற அம்மா. முழங்கால் வலி வந்த பிறகு இருந்த அம்மாவை நான் எத்தனை நாள் உட்கார்ந்து பார்த்தேன்? லீவுக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவேன், இரண்டு நாளில் திரும்பிவிடுவேன். கூடவே செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தது இவள்தான்.

“உன் அம்மாவை வேணும்னா தனியா ஒரு படமாப் பண்ணித் தாரேன். இது என் ஆச்சி” என்றாள்.

குடத்தில் தண்ணீர் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. ஆச்சி எந்த ஆச்சி என்று சொல்ல இல்லை. பழைய நடையையே திரும்பக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று நாள் வேலையை நான் வீணடித்திருக்கிறேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் முழுக் காட்சியையும் போட்டுக் காட்டினாள். நாற்பது வினாடி. தெருக்குழாயடி. ஆச்சி குடத்தைத் தூக்குகிறார்கள், தண்ணீர் இருக்கிறது. வலது காலை இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். வேப்பமரத்தடியில் ஒரு தடவை நிற்கிறார்கள், பாம்படம் இரண்டு ஆட்டம் ஆடி நிற்கிறது. வாசலில் இன்னொரு தடவை. திண்ணையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார்கள். சேலை மடிப்பு ஓர் இடத்தில் இடுப்புக்குள் புகுந்து போகிறது, அது எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. அது அவளுக்கும் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

என்னவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அத்தை நடக்கிற மாதிரியே இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

“நீ சொல்லும்மா. என்ன குறையுது?” என்றாள் மகள்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். குடத்தை இறக்கி வைக்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன்.

“குடத்தை வச்சதும் அம்மா ஒரு தடவை…”

“‘எப்பா, முருகா’ம்பாங்க” என்றாள் அவள், நான் முடிப்பதற்குள்.

“எங்கிட்ட இருந்த காலத்துலயும் சொல்லுவாங்க.”

“எங்கிட்டயும்.”

இருவரும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆச்சி குனிந்தபடியே நின்றார்கள்.

“வாயசைக்கிறது ரொம்பக் கஷ்டம்மா. உதட்டுக்குத் தனியாப் புள்ளி வைக்கணும். இன்னும் ரெண்டு வாரம் ஆகும்.”

“ஆகட்டும்” என்று சொல்லிவிட்டு, அவளுக்குக் காபி கலக்க அடுப்படிக்குப் போனேன்.